கூட்டாத மூலை

மட்டாஞ்சேரி,
நவம்பர் 9.

அன்புள்ள அப்பாவுக்கு,

மகா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும்; மப்ளர் கட்டிக்கொள்ளுங்கள். உங்களோடு போர்வெல் லாரியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய சுடலைமணி மாமாதான் இந்த முகவரியைக் கொடுத்தார். ஏழு மாதமாக உங்கள் போன் அணைந்தே இருக்கிறது. நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. பள்ளியில் மலையாளத்திலேயே எழுதிப் பழகிவிட்டேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆறுமணிக்குருவி வந்துவிட்டது. அக்டோபர் பதினெட்டாம் தேதி, மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அம்மா வேலை பார்க்கும் ஹோம்ஸ்டேயின் பின்முற்றத்திலிருந்து அந்த இரட்டைச் சீழ்க்கை கேட்டது. வீட்டுப்பாடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். போன வருடம் நீங்களும் நானும் பார்த்த அதே பலாமரத்தடி. பச்சை முதுகு, கண்ணுக்கு மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு, இருக்கிறதா என்று சந்தேகப்பட வைக்கும் குட்டை வால். சருகை அலகால் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருந்தது. அதே குருவிதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பனிக்காலம் கழித்த இடத்துக்கே அடுத்த வருடமும் திரும்பக்கூடியது என்று நூலகப் புத்தகத்தில் படித்தேன்.

மழைக்காலத்தில் நீங்கள் இருக்கும் மத்தியப் பிரதேசத்துக் காடுகளில் கூடு கட்டுமாம். அங்கே நவ்ரங் என்பார்களாம். நீங்கள் அதன் குரலைக் கேட்டீர்களா? துளை போடும் சத்தத்தில் கேட்டிருக்காது. மிஷினை நிறுத்திய பிறகு கேட்டிருக்கலாம். அத்தனை தூரம் பறந்து வந்து அது கேட்பதெல்லாம் கொஞ்சம் நிழலும், யாரும் கூட்டாத சருகும்தான்.

ஷபானா வைட்டிலா பக்கம் வீடு மாறிப் போனதிலிருந்து, பள்ளி விட்டு வந்தால் எனக்குப் பேச ஆளில்லை. ஆறு மணிக்காகக் காத்திருப்பேன். குருவி கூப்பிட்டதும், எங்கிருந்தாவது இன்னொன்று பதில் சொல்கிறதா என்று கவனிப்பேன். இதுவரை இல்லை.

முற்றம் கூட்டுவது இன்னும் அம்மாதான். ஒரு இலை கிடந்தாலும் அம்மாவுக்குப் பொறுக்காது, உங்களுக்கே தெரியும். மரத்தடி மூலையை மட்டும் விடச் சொன்னது நீங்கள். "குருவிக்கு ஒரு மூலைய விட்டாத்தான் என்ன புள்ள" என்றீர்கள். "ஒமக்குப் பொங்கிப் போடவே நேரமில்ல, இதுல குருவிக்கு வேறயா" என்று அம்மா சிரித்தாள்.

சித்திரையில் குருவி போனது. அடுத்த வாரம் நீங்கள் போனீர்கள். அன்று நீங்கள் சோற்றுத் தட்டை வாசலில் எறிந்ததைப் பற்றி அம்மா இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. விளிம்பு நெளிந்த அந்தத் தட்டில் நான்தான் சாப்பிடுகிறேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவேன்" என்று நீங்கள் சொன்னதாக மாமா சொன்னபோது, அம்மா எழுந்து அடுப்பருகே போய்விட்டாள்.

ஆனால் அப்பா, அக்டோபர் பிறந்ததும் அம்மா அந்த மூலையைக் கூட்டுவதை நிறுத்திவிட்டாள். குருவி அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. நான் விடச் சொல்லவும் இல்லை. மேனேஜர் சந்தீப் சேட்டன், "மாயச்சேச்சி, இது காடொன்னும் அல்லல்லோ" என்று சருகைக் காட்டி அம்மாவை ஏசினார். "கூட்டிட்டேன் சார், காத்துல விழுந்துருக்கு" என்றாள் அம்மா. ஓர் இலைகூட அசையாத நாள் அது.

நேற்று அவர் கடைசியாகச் சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸ் கூட்டம் வருவதற்குள் மூலை சுத்தமாக வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளை வைத்துக்கொள்வாராம். இன்று காலையும் அம்மா முற்றம் முழுவதும் கூட்டினாள். அந்த மூலைக்கு வந்ததும் விளக்குமாற்றைத் தோளில் சாத்திக்கொண்டு திரும்பிவிட்டாள்.

குருவி சித்திரை வரை இருக்கும். அம்மாவால் எத்தனை நாள் முடியும் என்று தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடுங்கள் அப்பா. எதுவும் பேச வேண்டாம், சாப்பிட உட்கார்ந்தால் போதும். நெளிந்த தட்டு எனக்குப் பழகிவிட்டது. உங்களுக்கு நல்ல தட்டு இருக்கிறது.

வழி பார்த்திருக்கும் உங்கள் மகள்,
மகா