கை நின்றது, தலை சுற்றியது

அன்புள்ள நாரேவுக்கு,

நம் துறைமுக ஊர் குன்சானிலிருந்து அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், நார்வே குளிரில் நீயும் மருமகனும் இருமல் காய்ச்சல் அண்டாமல் இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். போனில் நீ போட்ட சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம மருந்துப் பரிசோதனைக்குப் போயிருக்கியே, நீ என்ன எலியாம்மா?" என்று கேட்டாய். எலி இல்லை என்று விவரமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம், அவசரப்படாமல் உட்கார்ந்து படி.

என் கை நடுக்கம் நீ பார்த்ததுதான், ஆனால் இந்த வசந்தத்தில் அது ரொம்ப முற்றிவிட்டது. தபால் ஆபீஸ் சோங் அம்மாவுக்கு முடி வெட்டும்போது கத்திரிக்கோல் காது நுனியில் பட்டு ரத்தமே வந்துவிட்டது. அவள் "போகட்டும், இன்னொரு காது இருக்கே" என்று சிரித்தாள், நானோ என் பார்லரையே மூடிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் பியோன் டாக்டர் நடுக்கத்துக்குப் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. அவர் உன் அப்பாவின் துறைமுக நண்பர் மகன், கேட்கவா வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போனதுமே அப்பா எனக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து "தம்பி சொன்னா சரிதான், எங்க கையெழுத்துப் போடணும்?" என்று பேனாவையும் எடுத்துவிட்டார். அங்கே பாங் என்று ஒரு நர்ஸ், சின்ன உருவம், அவள் "ஐயா, நடுங்குறது அம்மாவோட கை. முடிவும் அவங்களோடது. நீங்க வெளியில போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்க" என்றாள். உன் அப்பா முகம் மிளகாய் விழுது மாதிரி சிவந்தது, ஆனாலும் எழுந்து போனார். பிறகு அவள் எல்லாவற்றையும் எனக்கு மட்டும் நிதானமாகச் சொல்லிவிட்டு, "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க பாப்போம்" என்றாள். பள்ளிக்கூடத்துப் பரீட்சை மாதிரி ஒப்பித்தேன். "பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. நல்லது நடக்கலாம், ஒண்ணுமே நடக்காமலும் போகலாம், கெடுதலும் வரலாம். எது வந்தாலும் உங்ககிட்ட மறைக்கக் கூடாது. பிடிக்கலைன்னா எப்ப வேணாலும் நிறுத்திக்கலாம்." அதோடு விடாமல், "நிறுத்தினா டாக்டர் கோவிச்சுக்குவாரா?" என்றும் கேட்டேன். "கோவிச்சுக்கிட்டா என்கிட்ட சொல்லுங்க, நான் அவரைக் கோவிச்சுக்கிறேன்" என்றாள். அன்றைக்கே கையெழுத்து வாங்கவில்லை, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். யோசித்தேன், பயந்தேன், பிறகு நானாகத்தான் போய்க் கோணல் மாணலாகப் பெயரை எழுதிக் கொடுத்தேன். உன்னிடம் சொல்லாதது ஏன் என்றால், சொன்னால் நீ அடுத்த விமானத்தில் வந்து நிற்பாய், அவ்வளவுதான்.

நாரே, மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் கை ஆட்டம் நின்றுவிட்டதடி! ஊசியில் நூல் கோத்தேன். சோங் அம்மாவுக்கு நெற்றி முடியை நூல் பிடித்த மாதிரி வெட்டினேன், அவள் கண்ணாடி முன்னாலிருந்து எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். பார்லரில் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தேன். ஆனால் கொஞ்ச நாளில் தலை சுற்ற ஆரம்பித்தது. கீழே கிடக்கும் முடியைக் கூட்டக் குனிந்தால் தரை எழுந்து வருகிற மாதிரி இருக்கும், ஒருமுறை தலை கழுவும் தொட்டியில் மோதி நெற்றி வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பழக்கமான இக்சான் அக்காவிடம் மெல்ல இதைச் சொன்னேன், அவளும் அதே மாத்திரைக்கு வருகிறவள். "மூச்சு விடாதேடி! சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்க. பாவம், அந்த டாக்டர் முகமும் வாடிப்போயிடும்" என்றாள். உன் அப்பாவோ, "நாரே அம்மா, கை நின்னுச்சா இல்லையா? தலைதானே, எனக்கு சோஜு குடிக்காமலே சுத்துது" என்றார். எனக்கும் சொல்ல மனமில்லை, நின்ற கையை யார் விடுவார்கள்? ஒரு நாள் சோங் அம்மாவின் பிடரியில் சவரக்கத்தி வைத்திருக்கும்போது கண் இருட்டியது. கத்தியைத் தூரப் போட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாதி மழித்த பிடரியோடு அவளை அனுப்பிவிட்டு, கடையைச் சாத்திவிட்டு நேரே பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே நினைப்புதான், நாங்கள் எல்லோரும் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டால் இந்த மாத்திரை நல்ல பெயரோடு கடைக்கு வந்துவிடும், பிறகு எங்கேயோ முகம் தெரியாத ஒருத்தி மாடிப்படியில் விழுவாள்.

டாக்டர் முன்னால் போய், "மன்னிச்சுக்குங்க, உங்க மாத்திரைய அவமானப்படுத்த வந்திருக்கேன்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் எழுந்து நின்று எனக்கு இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார், நாரே. "அம்மா, இதைக் கேக்கத்தான் நாங்க உக்காந்திருக்கோம்" என்றார். பாங் நர்ஸ் அன்றே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு விசாரித்தாளாம். இக்சான் அக்கா குளியலறையில் விழுந்து கிடந்ததே அப்போதுதான் வெளியே வந்தது, இன்னும் பலரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். சோதனையை நிறுத்திவைத்தார்கள். கை பழையபடி ஆட ஆரம்பித்தது, சாப்பிடும்போது கரண்டி கிண்ணத்தில் தட்டும் சத்தம் கேட்டு ஒரு நாள் அழுதேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டு, மாத்திரையின் அளவைப் பாதியாக்கியிருக்கிறோம், தலை சுற்றலாம், விழலாம் என்று முதலிலிருந்து விளக்கி, வேண்டுமா வேண்டாமா என்று புதிதாகக் கேட்டார்கள். இந்த முறை உன் அப்பா யாரும் சொல்லாமலே வெளியில் போய் உட்கார்ந்துகொண்டார். வராந்தாவில் இக்சான் அக்கா என் காதைத் திருகி, "உன்னைத் திட்டணும்னுதான் வந்தேன்டி. ஆனா விழாம நடந்து வந்தேனே, அதனால விட்டேன்" என்றாள். இரண்டு பேரும் சரி என்றே சொன்னோம். இப்போது கை கொஞ்சம் ஆடுகிறது, தலை நிற்கிறது. சவரக்கத்தி வேலையை விட்டுவிட்டேன், கத்திரிக்கோலுக்கும் முடி சுருட்டும் பெர்முக்கும் இந்தக் கை தாராளமாகப் போதும்.

இரண்டாம் முறை சரி சொன்ன அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் நானும் அப்பாவும் சாப்பிடப் போனோம். கல்யாணமான நாளிலிருந்து ஹோட்டலில் எனக்கும் சேர்த்துச் சொல்லுகிறவர் அவர்தான், இரண்டு கிண்ணம் நண்டுக் குழம்பு என்பார், நானும் சாப்பிடுவேன். அன்றைக்கு என்னைப் பார்த்து, "நாரே அம்மா, உனக்கு என்ன வேணும்?" என்றார். சுவரில் எழுதியிருந்த சாப்பாட்டு வகை எல்லாவற்றையும் மேலிருந்து கீழே படித்தேன், பரிமாறுகிற பெண் வந்து வந்து திரும்பிப் போனாள். உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "நிதானமா யோசி. பிடிக்கலைன்னா பாதியில நிறுத்திக்கலாம்" என்றார், சிரிக்காமல்! நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐஸ் மிதக்கும் குளிர்ந்த நூடுல்ஸ் சொன்னேன். எனக்கு அது இவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே தெரியாது. கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

நீயும் மருமகனும் ஒருவரை ஒருவர் அனுசரித்து, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நிறைவாக வாழ வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. மாமியாரின் பிறந்தநாள் வருகிறது, மறக்காமல் நீயே போன் செய்து பேசு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
மால்சுன்