இன்னும் இறங்காதவனுக்கு ஒரு கை நீர்

மயிலைக் கரையில் நின்று, வந்தவரையும் வாராதவரையும் ஒரே கண்ணால் பார்த்திருக்கும் கற்பகவல்லித் தாயே, உன் திருவடியை முன்னிட்டு இம்மடலைத் தொடங்குகிறேன். எழுதுவோனின் நெஞ்சு நிலைகொள்ளவில்லை. சொல்லாவது நிலைகொள்ள அருள்வாய்.

அன்பரே,

இன்று காலை சூரியனுக்கு அர்க்கியம் விடுவதற்காக இரு கைகளிலும் நீரை ஏந்திக் கிழக்கு நோக்கி நின்றேன். மொட்டைமாடிக்கு மேலே, மீனம்பாக்கம் போகும் விமானம் ஒன்று வழக்கத்தினும் தாழ்ந்து இரைந்து சென்றது. நாவிலிருந்த மந்திரம் எவ்விடத்தில் நின்றதென்று தெரியவில்லை. அண்ணாந்தபடியே நின்றிருக்கிறேன். விரலிடுக்கின் வழியே நீர் முழுதும் ஒழுகிவிட்டது. பூணூல் ஏறிய நாள்முதல் விடாது செய்துவரும் கர்மம், ஒரு விமானத்தின் வாலைப் பார்த்ததில் தவறிற்று. அந்த வாலில் படி இறங்கியிருக்கிறதா என்று தேடினேன் என்பதை உம்மிடமன்றி யாரிடம் சொல்வேன்?

நேற்று மாளய அமாவாசை. நேற்று உம் பிள்ளை இல்லத்தில் நடந்ததைச் சொல்லவே இம்மடல். ஆயினும் வழக்கை முறைப்படி தொடங்காவிட்டால் நீர் விடமாட்டீர். ஆகவே நம் கல் இருக்கையிலிருந்தே தொடங்குகிறேன்.

கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, நடைபாதையின் ஓரத்தில் இருக்கிறது அந்த இருக்கை. காலை நடை முடிந்ததும் நாம் மூவரும் அங்கே கூடுவோம். தமிழும் சாத்திரமும் படித்துக் காலம் கழித்த நான், காப்பீட்டு அலுவலகத்தில் இழப்புக் கோரிக்கைகளை ஆராய்ந்து ஓய்வுபெற்ற நீர், திருவல்லிக்கேணியில் அத்தர் கடை வைத்திருக்கும் பாய். மூவரும் விமானம் ஏறியதே அபூர்வம். ஆனால் கடல் கடந்த ஒரு தேசத்தில், நாம் இளைஞராக இருந்த காலத்தில், மழை பெய்த ஓர் இரவில் நடந்த அந்த விமானக் கடத்தலைப் பற்றி நம்மைப்போல் வழக்காடியவர் இந்நகரில் எவருமிலர். ஒருவன் பயணியாக ஏறினான். குண்டு இருப்பதாக மிரட்டினான். கேட்ட தொகையையும் பாராசூட்டையும் பெற்றுக்கொண்டான். விமானத்தின் வால்பக்கப் படியை இறக்கி, இருண்ட காட்டின்மேல் குதித்தான். அதன்பின் அவனை எவரும் காணவில்லை. பிணமும் கிடைக்கவில்லை, பெயரும் கிடைக்கவில்லை. இருக்கையில் அவன் கழற்றி வைத்த கழுத்துப்பட்டை மட்டும் எஞ்சியது.

உம் பேரன் கைப்பேசியில் காட்டிய காணொளி ஒன்றிலிருந்து நீர் அதைப் பற்றிக்கொண்டு வந்தீர். ஒரு வாரப் பேச்சு என்று நினைத்தேன். ஆண்டுக்கணக்கில் நீண்டது.

நான், அவன் இறந்தான் என்ற கட்சி. நீர் பிழைத்தான் என்ற கட்சி. பாய் எப்போதும் மூன்றாம் கட்சி.

"சாமி, நீங்க ரெண்டு பேரும் அவன் செத்தானா பொழச்சானான்னே நிக்கிறீங்க. பின்னாடி படி இறங்கும்னு அவனுக்கு எப்படித் தெரியும்? உள்ளாளு. நான் எழுதித் தரேன், உள்ளாளு" என்பார்.

"எழுதித் தராதேயும் பாய். போன தடவை கிரிக்கெட் மேட்ச்ல இவாதான் ஜெயிப்பான்னு எழுதித் தந்த சீட்டே இன்னும் எங்க கையில இருக்கு" என்பீர் நீர்.

நம் சபைக்கு நான் வகுத்த விதி ஒன்று உண்டு. பண்டைய வாத முறைப்படி, எதிரியின் கட்சியை மறுக்குமுன் அதை அவனைவிட அழகாக எடுத்துச் சொல்லவேண்டும். 'ஆம், இதுவே என் கொள்கை' என்று அவன் தலையசைத்த பிறகே கண்டிக்கலாம். அதனால் உம் வாதங்கள் எனக்கு மனப்பாடம். அவற்றுள் தலையாயது கழுத்துப்பட்டை.

"சாகப் போறவன் டையைக் கழட்டி வெச்சுட்டா குதிப்பான்? வேட்டியை உதறி மடிச்சுக் கொடியில போடறவன் நாளைக்கு உடுத்திக்கப் போறவன் ஓய்!"

"துறவு கொள்றவனும் முதல்ல ஆபரணத்தைத்தான் கழட்டறான்" என்று நான் மறுப்பேன்.

"உம்ம சந்நியாசி பணப்பையைக் கட்டிண்டா காட்டுக்குப் போனான்?"

பாய் தொடையில் தட்டிச் சிரிப்பார். சாலையோரம் மீன் கூறு வைத்திருக்கும் நொச்சிக்குப்பத்துக் காசி, கூடைக்கு நீர் தெளித்தபடியே குரல் கொடுப்பான்: "இன்னா நைனா, அந்தாளு இன்னும் கீழ வந்து சேரலியா? நானு கடலுக்குப் போயி வந்துட்டேன், வலையும் காய வெச்சிட்டேன், அவன் இன்னும் மேலயே கீறான்!"

அதற்கு நாம் மூவரும் சிரிப்போம். உமது சிரிப்பு மற்ற இருவருடையதைவிடச் சற்று முன்னதாகவே நின்றுவிடும் என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

ஏனென்று எனக்குத் தெரியாமலில்லை. மாட வீதியில் எல்லோருக்கும் தெரிந்ததே. நீர் கல்லூரியில் படித்த காலத்தில் உம் தமையனார் ஒரு காலையில் வீட்டைவிட்டுப் போனார். சண்டையில்லை, கடிதமில்லை. அதன்பின் திரும்பவேயில்லை. ஏழாண்டு காணாதவரை இறந்தவராகக் கொள்ளும் சட்டப்படி எத்தனையோ குடும்பங்களின் கோப்புகளில் கையெழுத்திட்டவர் நீர். உம் தமையனாருக்கோ ஒரு துளி எள்ளுநீரும் நீர் விட்டதில்லை. பன்னிரண்டாண்டு கழிந்தால் தருப்பையால் உருவம் செய்து தகனம் செய்யலாம் என்னும் விதியை, நீர் கேட்டதனால், ஒருநாள் எடுத்துச் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டீர். பிறகு, "அந்த விமானக்காரனுக்கு யாராவது பண்ணினாளா ஓய்?" என்று கேட்டுவிட்டு, காட்டில் அன்றிரவு வீசிய காற்றின் திசையைப் பற்றிப் பேசத் தொடங்கினீர்.

காத்திருத்தல் முல்லைக்கு உரியது என்றும், இரங்கல் நெய்தலுக்கு உரியது என்றும் நம் முன்னோர் நிலம் வகுத்தனர். நாம் அமர்ந்திருந்தது நெய்தல் நிலம். அதில் அமர்ந்துகொண்டு நீர் முல்லையே பேசினீர். கார்காலம் வரும், அவனும் வருவான் என்று.

கடைசிக் காலைக்கு வருகிறேன். அன்று நீர் தளர்வாக இல்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னீர்:

"நாளைக்கு உம்ம கட்சியை நான் பேசறேன். நீர் என் கட்சியைப் பேசும்."

"ஏன் ஓய் திடீர்னு?"

"எத்தனை நாள்தான் அவனை மேலயே நிறுத்தி வைக்கறது? கால் வலிக்காதோ அவனுக்கு?"

பாயும் நானும் சிரித்தோம். நீரும் சிரித்தீர். அன்று பிற்பகல் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

நீர் சொன்னது விளையாட்டா? விதியை நீட்டி, ஒருவர் கட்சியை மற்றவர் எடுத்துப் பார்க்கும் பயிற்சிதானா? அன்றி, அத்தனை ஆண்டு பிடித்திருந்த கையைத் தளர்த்தி, தமையனாரை விட்டுவிடத் துணிந்துவிட்டீரா? ஓராண்டுக்கும் மேலாக இந்தக் கேள்வி என்னைத் தூங்கவும் விடவில்லை, துதிக்கவும் விடவில்லை. காட்டில் பாராசூட் ஒன்று கிடைத்ததாகப் பாய் ஒரு செய்தியை நம் குழுவில் அனுப்பினார். பழக்கத்தில் உம் எண்ணுக்கும் தனியே அனுப்பியிருக்கிறார். அது போய்ச் சேராமல் ஒற்றைக் குறியோடு நின்றதை என்னிடம் காட்டிவிட்டு, கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இந்தப் புரட்டாசியில்தான் கேள்வி வாசலுக்கே வந்தது. உம் ஆண்டுக் காரியம் முடிந்து வந்த முதல் மாளயம். உம் பிள்ளை அடையாற்றிலிருந்து என்னைத் தேடி வந்தான்.

"மாமா, தர்ப்பணம் பண்ணி வைக்கற வாத்தியார் காருண்ய பித்ருக்கள் பேர் கேக்கறார். அப்பாவோட கூடப்பிறந்தவா எல்லாரையும் சொல்லணுமாம். பெரியப்பா பேரைச் சொல்லலாமா, கூடாதா? அப்பா சொன்னதே இல்லை. உங்ககிட்டதானே தினமும் பேசிண்டிருந்தார், ஏதாவது சொன்னாரா?"

நான் வாய் திறக்குமுன் அவன் மேலும் சொன்னான். "அப்பா பெட்டியில ஒரு வேட்டி இருக்கு மாமா. பழுப்பேறிப் போச்சு. பெரியப்பா போன அன்னிக்கு, உதறி மடிச்சுக் கொடியில போட்டுட்டுப் போனதாம். மடிப்பு கலையாம வெச்சிருக்கார்."

அன்பரே, அத்தனை காலம் நான் எந்தக் கழுத்துப்பட்டையோடு வாதாடிக்கொண்டிருந்தேன் என்று அப்போது விளங்கிற்று.

உயிரோடிருப்பவருக்கு எள்ளும் நீரும் இறைப்பது அவர் ஆயுளுக்கு ஆகாது. இறந்தவருக்கு இறையாமலிருப்பது அவரைத் தாகத்தோடு நிறுத்துவது. இருந்தால் உம் தமையனார் தொண்ணூறை நெருங்கியிருப்பார். அந்த வயதில் இருப்பவர் எத்தனையோ பேர். அமாவாசைக்கு முந்தைய நாட்களில் நூல்களைப் புரட்டினேன். விதி அறியாமல் அன்று. நீர் கடைசியில் எந்தக் கட்சி என்று அறியாமல்தான். பாயிடம் கேட்டேன். "எங்கள்லயும் இறந்தவரோட மய்யித்து கண்ணு முன்னால இல்லாம தொழுகை வைக்கிறவங்க உண்டு சாமி. ஆனா மவுத்தான சேதி வந்திருக்கணும். சேதி வராதவனுக்குத் துஆ மட்டும்தான். அவன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்னு." பிறகு, "துஆவுக்கு அட்ரஸ் வேணாமே" என்றார்.

நேற்று உம் பிள்ளை வீட்டுக் கூடத்தில், தெற்கு நோக்கி அவன் அமர்ந்தான். நான் அருகில் ஒரு நாற்காலியில் இருந்தேன். உம் பெயரை முதன்முதலாகப் பித்ருவாக வாத்தியார் சொன்னபோது, 'இதை மறுக்க ஒரு வாதம் வையும் ஓய்' என்று உம்மைக் கேட்கவேண்டும் போலிருந்தது. பாட்டனார், கொள்ளுப்பாட்டனார், தாய்வழியோர் எல்லோருக்கும் நீர் விட்டாயிற்று. வாத்தியார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ மாமா, பெரியப்பா உண்டா, இல்லையா? எனக்கு இந்திரா நகர்ல இன்னும் நாலு ஆத்துக்குப் போகணும்."

உம் பிள்ளையின் கையில் எள்ளோடு நீர் நின்றது. அப்போது நமது ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. உம் கட்சியை நான் பேசவேண்டும். என் கட்சியை நீர் பேசவேண்டும். நீர் வராமற்போகவே, இரண்டு கட்சியும் என் ஒரு நாவில் வந்து நின்றன.

"பேர் சொல்ல வேண்டாம்" என்றேன். அது உமது கட்சி.

"அப்போ விட்டுடலாமா?"

"விட வேண்டாம். முடிவில தர்ப்பை முடிச்சை, அந்தக் கூர்ச்சத்தைப் பிரிச்சு, நீர் வார்க்க ஒருத்தரும் இல்லாதவாளுக்குன்னு ஒரு கை விடறோமே, அதை விடறச்சே பெரியப்பாவை நினைச்சுக்கட்டும்." அது எனது கட்சி.

வாத்தியார் நெற்றியைச் சுருக்கினார். "அது நாதியத்தவாளுக்கு மாமா. இவருக்குத்தான் தம்பி பிள்ளை இருக்கானே?"

"இருக்கான்னு அவருக்குத் தெரியுமோ?"

தமையனார் போனபோது உமக்கே திருமணம் ஆகவில்லை. அவர் எவ்விடத்தில் இருந்தாலும், இறந்தாலும், தமக்கு நீர் வார்க்க ஒரு பிள்ளை அடையாற்றில் அமர்ந்திருப்பதை அறியார். இறந்தவராயின் அந்த நீர் அவரைச் சேரும். இருப்பவராயின் பெயர் சொல்லாத நீர் அவரைத் தீண்டாது, வேறொரு தாகத்தைத் தணிக்கும். இது எந்த நூலின் தீர்ப்பும் அன்று. நீர் இருந்திருந்தால் நூறு ஓட்டை கண்டிருப்பீர்.

உம் பிள்ளை கூர்ச்சத்தைப் பிரித்தான். தருப்பைகளோடு அந்தக் கடைசி நீரை விட்டான். கையைத் துடைக்காமலே, வேட்டியை என்ன செய்வதென்று கேட்டான். மடிப்பைக் கலைக்காதே என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஒரு கை நீரில், பெயரே அறியாத அந்த விமானக்காரனுக்கும் பங்கு உண்டென்று நினைத்துக்கொண்டேன். அவனுக்கும் யார் விட்டார்?

இன்று காலை அர்க்கியத்தில் கை வெறுமையானதும், மீண்டும் நீர் மொண்டு, பிராயச்சித்தத்தோடு முறைப்படி விட்டேன். ஆனால் மனம் இறங்கவில்லை. செய்தது சரியா என்ற கேள்விக்குத் தலையசைத்து, 'ஆம், இதுவே என் கொள்கை' என்று சொல்லவேண்டிய ஒருவர் இல்லையே. கடற்கரைக்கு நடந்தேன். பாய் வரவில்லை, முழங்கால் வலியாம். உம் இடத்தை விட்டு இருக்கையின் மறுமுனையில் அமர்ந்தேன். நீர் போனதிலிருந்து காசி நம்மைச் சீண்டுவதை நிறுத்தியிருந்தான். இன்று அவனே கூடையை இறக்கி வைத்துவிட்டு அருகில் வந்தான்.

"இன்னா நைனா, தனியா குந்திகினு கீற. அந்தாளு சமாச்சாரம் இன்னா ஆச்சு? கீழ வந்துட்டானா?"

ஒப்பந்தப்படி நான் உமது கட்சி. எழுந்து நின்று சபையில் சொல்வது போலச் சொன்னேன்: "இன்னும் இறங்கலை காசி."

அவன் வானத்தை ஒருமுறை பார்த்தான். "சரி, வந்தா ஒரு கொரலு குடு நைனா. பாவம், பசியோட வருவான்" என்று சொல்லிவிட்டுக் கூடைக்குப் போனான்.

அன்பரே, நாளையும் அந்த இருக்கையில் உமது வாதங்களையே சொல்வேன். அவை எனக்கு மனப்பாடம். மறுக்க வேண்டியவர் நீர். அதுவரை வழக்கு நிலுவையில் இருக்கட்டும்.

இதைப் படிப்போரின் இல்லங்களிலிருந்து காலையில் வெளியே சென்றவர் யாவரும் விளக்கேற்றுமுன் வீடு சேர்க. சேராதவர் எங்கிருப்பினும் தாகமும் பசியும் அறியாதிருக்க. அவருக்காக மடித்து வைத்தவை மடிப்புக் கலையாது காத்திருக்க. அனைவரையும் மயிலைக் கற்பகத்தாள் தன் கண்ணிலேயே வைத்துக் காக்க.