விழுகிற படங்கள் மட்டும் பாக்கி

அண்ணா,

இன்று காலை எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலில் மல்லாட்டைக் கடலை காயவைத்திருந்தார்கள். தூறல் விழுந்ததும் வாரிப் போட ஓடினேன். கீழே ஒரு வெள்ளை ஃபிளெக்ஸ் விரித்திருந்தது. மல்லாட்டையைச் சாக்கில் கொட்டிவிட்டு அதை உதறித் திருப்பினால், மறுபக்கத்தில் நீ. கைமுட்டியை மடக்கி, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு.

பெரியம்மா பதறிவிட்டார்கள். “வெள்ளப் பக்கத்தத்தாம்மா மேல போட்டேன். புள்ள மூஞ்சி மேல கொட்டுவனா நானு?”

அப்படியென்றால் இத்தனை நாளும் உன் முகம் மண்ணைப் பார்த்துக் கிடந்திருக்கிறது. சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மா இடுப்பு ஒடிந்து கட்டிலில் விழுந்து, நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம் எடுத்த படம் அது. திண்டிவனத்தில் நீ வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். “நம்மளே ஒரு சண்ட கேம் செய்யலாம் பாப்பா. நீயும் நானுந்தான் ஆளுங்க” என்றாய்.

அம்மாவின் பச்சைப் புடவையைச் சுவரில் கட்டி, போனில் படம் எடுத்தோம். ஒரு குத்துக்கே பல படங்கள் வேண்டியிருந்தன. கை கிளம்ப ஒன்று, நீள ஒன்று, பட்டுத் திரும்ப ஒன்று. ஒவ்வொன்றிலும் ஆளை மட்டும் விட்டுவிட்டுப் புடவையை அழிக்க வேண்டும். அது என் வேலை. பச்சையைத் தொட்டுக் காட்டினால் கம்ப்யூட்டர் அந்த நிறம் முழுவதையும் அழித்துவிடும்.

“வயசுக்கு வந்த பொண்ண கால தூக்கி உதைக்கச் சொல்லிக்கினு நிக்கிறியேடா, யாருனா பாத்தா இன்னா நெனப்பாங்க?” என்று கட்டிலிலிருந்து அம்மா கத்தினாள்.

“கேம்லதாம்மா உதைக்கிறா. நெசத்துல இவ எறும்பக்கூட தாண்டித்தான் போவா.”

கோபமாக முகத்தை வை என்று நீ கெஞ்சக் கெஞ்ச எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதனால் கேமில் நான் சிரித்துக்கொண்டே உதைக்கிறேன்.

நீயோ உனக்குப் பிடித்த பச்சைக் கோடு போட்ட சட்டையில் நின்றுவிட்டாய். இருவருக்கும் அப்போது தோன்றவில்லை. கம்ப்யூட்டர் புடவையோடு சேர்த்துச் சட்டையின் கோடுகளையும் அழித்துவிட்டது. உன் மார்பில் வரிவரியாக ஓட்டை. “இன்னா பாப்பா, எலும்புக்கூடா ஆக்கிட்ட என்ன!” என்று விழுந்து விழுந்து சிரித்தாய். ஒவ்வொரு படமாக எடுத்து அந்த ஓட்டைகளை நீல நிறத்தில் நிரப்பினேன்.

யாரும் அடிக்காதபோது ஆள் கையை மடக்கி நிற்பதற்கும் தனியாகப் படங்கள் எடுத்தாய். தோள் கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது. எதற்கு என்று கேட்டேன். “சும்மா நிக்கிறப்பவும் மூச்சு விடணும் பாப்பா. இல்லன்னா பொணம் நிக்கிற மாதிரி இருக்கும்.”

குத்து, உதை, தடுப்பு எல்லாம் முடிந்து, நீ அடிபட்டு விழுகிற படங்களை மட்டும் புடவையிலிருந்து வெட்டி எடுப்பது பாக்கி இருந்தது. அப்போதுதான் வேலைக்குப் போன உன்னை நெடுஞ்சாலையில் லாரி அடித்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

உன் கூட்டாளி வந்து அஞ்சலி பேனருக்குப் போட்டோ கேட்டார். பெரியவனான பிறகு நீ தனியாகப் போட்டோ எடுத்துக்கொண்டதே இல்லை. சண்டைப் படங்கள்தான் இருந்தன. “மூஞ்சி மட்டும் குடும்மா. கடையில கோட்டு போட்ட ஒடம்பு ரெடியா வச்சிருக்காங்க, ஒட்டிக்கலாம்” என்றார். ஆண்கள் எதிரில் வாயே திறக்காத நான் அன்றைக்குச் சொன்னேன்: “வேற ஒடம்பு வேணாம்ணா. அண்ணன் ஒடம்பே இருக்குது.”

அதில் புதிதாக வெட்ட ஒன்றுமில்லை. எல்லாம் முன்பே வெட்டிவைத்திருந்தேன். நீ சும்மா நிற்கிற படங்களில் ஒன்றைக் கொடுத்தேன்.

மறுநாள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டினார்கள். கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துக்குக் கீழே, கையை மடக்கிக்கொண்டு, நான் நிரப்பிய நீலக் கோடுகளோடு நின்றாய். கட்டிலை விட்டிறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துவந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “எம்புள்ள ஒருத்தர் மேலயும் கை ஓங்கினதில்லையே. இப்ப யார அடிக்க நிக்கிறான்?”

இன்று அந்த ஃபிளெக்ஸைக் கழுவித் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டேன். வேலை ஓய்ந்த பொழுதுகளில் போடுவதுதான். நான் சிரித்துக்கொண்டே உதைக்கிறேன். உன் தலைக்கு மேலுள்ள உயிர்க்கோடு ஒவ்வொரு உதைக்கும் குறைந்துகொண்டே வந்து தீர்ந்துபோகிறது. இப்போது நீ விழ வேண்டும். ஆனால் விழுகிற படங்கள் பச்சைப் புடவையோடு அப்படியே கிடக்கின்றன. ஒன்றைக்கூட நான் வெட்டவில்லை. வெட்டப்போவதும் இல்லை. கம்ப்யூட்டர் அவற்றைத் தேடிப் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே உன்னை விட்டுவிடுகிறது. உயிர்க்கோடு தீர்ந்த பிறகும் உன் தோள் ஏறுகிறது, இறங்குகிறது.

கட்டிலிலிருந்து அம்மாவுக்குத் திரை தெரியாது. “நிக்கிறானாடி?” என்று கேட்கிறாள்.

“அண்ணன் நிக்குதும்மா” என்கிறேன்.