வாண்டு உன்னிடம் பேசப் போகிறாள்

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது. வீட்டில் எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் உன் மகள் வாண்டுக்கு உடம்பெல்லாம் காது. போன தடவை நீ கூப்பிட்டபோது அவள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள், நீ என்னிடம் "என்னை மறந்துட்டாப்பா"ன்னு சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மறக்கவில்லையடா, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பள்ளிக்கூடத்தில் அடிதடி, சட்டைக் காலரை மென்று மென்று நார் ஆக்குவது, படுத்தால் தூக்கம் வராமல் புரள்வது என்று இருந்தவளை உன் வீட்டுக்காரி தெரபிக்கு அழைத்துப் போவதை நீ அறிவாய். உன் அத்தை வந்து, சின்னப் பிள்ளைக்குப் போய் மனசு டாக்டரா, நாலு பேர் என்ன பேசுவாங்க என்று ஆரம்பித்தாள். உன் வீட்டுக்காரி துணி மடித்துக்கொண்டே, "அந்த நாலு பேர் வந்து இவளைத் தூங்க வைப்பாங்களா?" என்று கேட்டாள். வேலைக்கும் போய்க்கொண்டு, வாராவாரம் தெரபிஸ்ட் இருக்கிற மருந்துக்கடை மாடிக்குக் குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறாளே, அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. நீயும் அவளிடம் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்.

அந்தத் தெரபிஸ்ட் அம்மா அறையில் மேசை நாற்காலி கிடையாது, ஒரு பாயும் பொம்மைகளும்தான். குழந்தைக்கு மட்டுமில்லை, எங்களுக்கும் வீட்டுப்பாடம் கொடுத்தார். தினமும் கொஞ்ச நேரம் அவள் இஷ்டப்படி விளையாட வேண்டும், பெரியவர்கள் கேள்வி கேட்கக் கூடாது, திருத்தக் கூடாது. யாரிடம் சொல்கிறார் பார். என் பக்கமும் ஒரு பிரேக் வைத்த டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்து, ஊரிலிருக்கிற பிள்ளைகளையெல்லாம் திருத்தியே பிழைப்பு நடத்துகிறவன் நான். வாண்டு இரண்டு நாற்காலி போட்டு, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக் கார் ஓட்டினாள். கண்ணாடியைப் பாரு, இண்டிகேட்டர் போடு என்று என் வாய் தானாக ஆரம்பித்தது. அவள் இறங்கிப் போய்விட்டாள். மறுநாள் வாயை மூடிக்கொண்டேன், கால் அடங்கவில்லை, திருப்பத்தில் தரையை அழுத்தியது. "தாத்தா, உங்க பக்கம் பிரேக் கிடையாது, சும்மா வாங்க" என்றாள். சும்மா போனேன்.

அப்படிச் சும்மா போன ஒரு நாளில்தான் காரை நிறுத்தி, ஏர்போர்ட் வந்தாச்சு என்றாள். அப்பா சீக்கிரம் வந்துடுவார்மா என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். அவளே சொன்னாள், "அப்பா நான் தூங்கும்போது போயிட்டாரு. எழுப்பியிருந்தா நான் டாட்டா சொல்லியிருப்பேன்."

அழுவாளே என்றுதான் நீ எழுப்பவில்லை, எங்களுக்குத் தெரியும். அவளுக்கு அது தெரியவில்லை. அடுத்த வாரம் அந்தப் பாயில் உட்கார்ந்து, எங்கள் எல்லார் முன்னாலும், "எனக்கு அப்பா மேல கோபம்" என்று தெளிவாகச் சொன்னாள். நம் வீட்டில் யாராவது கோபத்தை இப்படி நேராகச் சொல்லியிருக்கிறோமா? கதவைச் சாத்துவோம், பட்டினி கிடப்போம். ஏழு வயசில் இவள் சொல்லிவிட்டாள். என் பேத்தி என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது படுத்ததும் தூங்கிவிடுகிறாள், காலரும் பிழைத்தது.

இது கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் கூப்பிடு. அவளே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். சாப்பிட்டியா, படிச்சியா என்று ஆரம்பிக்காதே. நீ அழுவேன்னுதான் எழுப்பலை என்று நியாயமும் பேசாதே.

நீ நோய்நொடி இல்லாமல் நல்லா இருக்கணும் என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. முதலில் கோபத்தைச் சொல்வாளாம், நீ குறுக்கே பேசாமல் கேட்டால், அப்புறம் விழுந்த பல்லைக் காட்டுவாளாம். எங்கள் யாருக்கும் காட்டவில்லை, டப்பாவில் போட்டு உனக்கென்று வைத்திருக்கிறாள்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அப்பா