விடுங்கோ

மகளுக்கு,

வாசிக்காமல் கிழிச்சுப்போடாதை.

கோயில் மண்டபத்திலை தாய்மாருக்குத் தற்காப்புப் பழக்கினம். நானும் போறன். முதல்நாள், பழக்கிற பிள்ளை பின்னாலை வந்து என்ரை கையை இறுக்கிப் பிடிச்சு, "கத்துங்கோ அன்ரி" எண்டாள்.

"விடுங்கோ" எண்டன். எல்லாரும் சிரிச்சினம்.

"பிடிக்கிறவனுக்கும் மரியாதையோ? 'விடடா' எண்டு கத்துங்கோ."

எனக்குச் சொல்ல வாய் வரேல்லை.

பதினொரு வயசிலை நீ அப்பிடித்தான் கத்தினனி. குசினியிலை சமையலை விட்டிட்டு ஓடிவந்தனான். மாமா உன்ரை கையைப் பிடிச்சு அறைக்குள்ளை இழுத்துக்கொண்டு நிண்டவர். பார், இப்பவும் 'நிண்டவர்' எண்டுதான் எழுதுறன். கண்டும், பெரியாளை 'டா' போட்டதுக்கு உன்னைத்தான் கன்னத்திலை அறைஞ்சனான்.

நேற்று ஒருமாதிரிக் கத்திப்போட்டன். மண்டபம் முழுக்கக் கைதட்டிச்சினம். எனக்கு உன்ரை கன்னம்தான் தெரிஞ்சது.

அம்மா