மூக்கின் தீர்ப்பும் மூன்று பாட்டில்களும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மாலையும் மூன்று எவர்சில்வர் பாட்டில்கள் என் அரசவைக்கு வந்து சேர்ந்தன. பேருந்து ஓட்டும் அத்தானின் காப்பி பாட்டில், அக்கா தையற்கடைக்கு எடுத்துப்போகும் தண்ணீர் பாட்டில், அவள் மகளின் பழச்சாறு பாட்டில். அக்கா காய்ச்சித் தந்த வெந்நீரும் சமையல் சோடாவும் ஊற்றி ஊறவைத்து, யானைக்கே பல் துலக்கிவிடக்கூடிய நீளப் பிரஷ்ஷால் தேய்த்துக் கவிழ்த்தேன். காலையில் ஒவ்வொன்றையும் நான் மோந்து பார்த்து 'சுத்தம்' என்று அறிவித்த பிறகே அவற்றுக்கு வாசல் தாண்ட அனுமதி. அடுத்த தெருவில் பால் திரிந்தால் இங்கே எழுந்து உட்காரும் மூக்கு இது. அக்காவே ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள்.

வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வுபெற்று அக்கா வீட்டுக்கு வந்தபின் எனக்கு மிஞ்சிய ஒரே பதவி இது. ஜனவரிக் காய்ச்சலுக்குப் பிறகு அடுப்பைப் பற்றவைக்கக்கூட அக்கா என்னை விடுவதில்லை. ராஜமரியாதை.

மார்ச் 5

அக்காவின் சமையல் கொஞ்ச நாளாகச் சப்பென்றிருக்கிறது. வயதாகிறது, பாவம். பெருந்தன்மையோடு இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 11, புதன்

அக்கா நேற்று நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாளைதான் வருவாள்.

அத்தான் வந்ததும் வராததுமாகப் பாட்டிலை மேஜைமேல் வைத்தார். "மாப்ளே, உள்ள எலி எதுவும் குடியிருக்கா? ஒரு வாய்தான் குடிச்சேன், வண்டிய ஓரங்கட்ட வேண்டியதாப் போச்சு."

காலையில் 'சுத்தம்' என்று சொன்னவன் நான். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை ஹேர்பின்னால் நெம்பி எடுத்தேன். அடியில் கறுப்பாக, வழவழவென்று, பழைய காப்பி. அத்தான் எட்டி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் மூக்கோடு ஒட்டிவைத்து மூச்சை இழுத்தேன்.

ஒன்றுமில்லை.

சோப்பு, வெங்காயம், அத்தானின் காலுறை — எதை மோந்தாலும் எதுவுமே இல்லை. சுவரை மோந்த மாதிரி. என்னடா இது? எப்பப் போச்சு? யார்கிட்டச் சொல்றது?

மார்ச் 12

சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்பட்டுப் பிரஷ்ஷை வாங்கி வைத்துவிடுவார்கள். பிறகு இந்த வீட்டில் நான் யார்? ஒட்டடை அடிக்கும்போது நகர்த்தி வைக்க வேண்டிய ஒரு சாமான். அதைவிட, மோந்து பார்க்கத் தேவையே இல்லாதபடி கழுவித் தள்ளிவிடுவது.

மார்ச் 19

வளையங்களைத் தினமும் கழற்றுகிறேன். சோடா, வினிகர், வெந்நீர், மறுபடி சோடா.

"பாட்டிலைக் கழுவுறியா, இல்ல தேச்சே தம்ளர் ஆக்குறியாடா?" என்றாள் அக்கா.

"இன்னும் ரெண்டு நாள் போனா அந்தப் பக்கம் தெரியும், மாமா" என்றாள் அவள் மகள்.

சிரித்துவைத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

காலையில் காப்பி பாட்டிலைச் செங்கோல் போல் உயர்த்தி, கண்ணை மூடி மோந்து, கண்ணைத் திறந்தேன். தேய்த்த தேய்ப்பில் பாட்டில் கண்ணாடியாகிவிட்டிருந்தது. அதில் பூசணிக்காய் அளவுக்கு என் மூக்கு. அதற்குப் பின்னால், சுண்டுவிரல் உயரத்தில் அக்கா. அதே பாட்டிலின் மூடியை எடுத்து மோந்தாள். அத்தானைப் பார்த்து, கூடாது என்று தலையாட்டினாள். வளையத்தை ஈரம் காயாமல் மாட்டியிருந்தேன்; அதுதான்.

"சுத்தம்" என்றேன்.

"சரி மாப்ளே" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார் அத்தான். எட்டிப் பார்த்தேன். குளியலறைக் குழாயில் மூடியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆறடி ஆள், திருடனைப் போலப் பதுங்கி.

எத்தனை நாளாக? அடுப்பு — அப்போதிருந்தேவா? கேஸ் கசிந்தால் எனக்குத் தெரியாது என்றா? ராஜமரியாதையாம். என் மூக்கு போனது எனக்கே தெரியறதுக்கு முந்தி அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை சொல்லல. அவள் இல்லாத நாளில்தானே அந்த எலிக்காப்பி!

மார்ச் 28

நாள் முழுக்கக் கோபமாக இருப்பதென்று முடிவுசெய்தேன். மதியத்துக்கு மேல் ஓடவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

பழச்சாறு பாட்டிலை உயர்த்தினேன். மோந்தேன். தீர்ப்பைச் சொல்லாமல் எவர்சில்வரையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுண்டுவிரல் அக்கா மூடியை மோந்தாள். முகம் சுளித்தாள்.

"மூடி சரியில்ல. மறுபடி கழுவணும்" என்றேன்.

பின்னால் நின்றவள் மூடியை என் கைப்பக்கம் நகர்த்திவைத்தாள். பிறகு, "உன் மூக்கு மூக்குதான்டா" என்றாள்.

வளையத்தைக் கழற்றிக் கழுவிக் காயவைத்தேன். பிறகு உலர்ந்த துணியை எடுத்து, அவள் நிற்கும் இடம் தெளிவாகத் தெரியும்வரை, பாட்டிலின் வெளிப்பக்கத்தைத் துடைத்தேன்.