குகனின் கன்றுத்தோல் சப்பாத்து

1985 நவம்பர் 10, ஞாயிறு

பள்ளி அதிபர் வீட்டு விருந்துக்கு ஆசிரியர்கள் எல்லோரும் போயிருந்தோம். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்தில் குகனுடையது. அவன் கணிதம் படிப்பிக்க வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. லண்டனிலிருந்து தமையன் அனுப்பிய சப்பாத்தாம். எனக்கும் அங்கே ஒரு தம்பி இருக்கிறான். கடிதம் மட்டும் வரும்.

யாரும் பார்க்காத நேரம் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். மெல்லிய சுருக்கங்கள் எழுந்து, விரலை எடுத்ததும் மறைந்தன. அசல் கன்றுத்தோல். என்னுடையதும் தோல்தான், ஆனால் மேலே தடிப்பாகப் பூச்சுப் பூசி மினுக்கியது. பதினொரு வருடமாக நான் பொலிஷ் போட்டுத் தேய்ப்பது தோலை அல்ல, அந்தப் பூச்சை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் மழை பிடித்தது. ஓடிப்போய் என் சப்பாத்தை மட்டும் உள்ளே எடுத்து வைத்தேன்.

குகன் நனைந்த சோடியைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தான்.

"அண்ணை, உங்களுக்குத்தானே தோல் சாமானைப் பற்றி நல்லாத் தெரியும். இதை இப்ப என்ன செய்யிறது?"

உள்ளே கடதாசி அடைத்து நிழலில் காயவிட வேண்டும். வெயில் பட்டால் தோல் வெடித்துவிடும்.

"நல்ல வெயிலிலை வையும் தம்பி," என்றேன்.

"பெரிய உபகாரம் அண்ணை."

இப்போது மழை விட்டுவிட்டது. வானம் முழுக்க வெள்ளிகள் மின்னுகின்றன. நாளை நன்றாக வெயில் எறிக்கும். விடிய அரியாலையில் குகன் வீட்டுக்குப் போய்ச் சொன்னால் சப்பாத்து தப்பும். சைக்கிளுக்குக் காற்றில்லை. பம்ப் கட்டிலுக்கடியில்தான் கிடக்கிறது.